மேகக் கணிமையும் சிறு வணிகரும்

சிறு வணிகர் தம் கணக்கேடுகளையும் வாடிக்கையாளர் விபரங்களையும் மேகக் கணிமைக்கு மாற்றிவருவதை இன்று பல நாடுகளிலும் காண்கிறோம். சொந்தக் கணினி வழங்கிகளை நிறுவ முதலற்றோருக்கு மாதக் கட்டணத்தில் அவ்வசதி கிடைப்பது பெரும் பயனே. ஆயின் ‘மேகம்’ என்னும் உருவகம் ஓர் உண்மையை மறைத்துவிடுகிறது. இத்தரவுகள் பிறிதொரு நிறுவனத்தின் கட்டடத்தில், அந்நிறுவனத்தின் இயந்திரங்களில் இருப்பவை.

2021 மார்ச் 10 ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீக்கிரையானது. வாடிக்கையாளர் பலர் தம் தரவுகளை மீட்கமுடியாதவாறு இழந்தனர். காப்புப் பிரதிக்கெனத் தனிக்கட்டணம் செலுத்திய நிறுவனமொன்றின் பிரதியும், மூலத்தரவு இருந்த கட்டடத்திலேயே வைக்கப்பட்டிருந்தமையால் அழிந்தது. அந்நிறுவனத்துக்கு இழப்பீடு வழங்குமாறு லீல் வணிக நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. அழிந்த தரவோ மீளவில்லை.

இங்குப் பொறுப்பு எவ்வாறு பகுக்கப்படுகிறது என்பதே வினா. கட்டடம், இயந்திரம், வலையமைப்பு ஆகியவற்றைக் காப்பது வழங்குநர் கடமை. கடவுச்சொற்களைப் பேணுதல், எவருக்கு எதனைப் பார்க்க அனுமதி என வரையறுத்தல், காப்புப் பிரதி எடுத்தல் என்பன பெரும்பாலும் வணிகர் தலையிலேயே விழுகின்றன. இப்பகுப்பைக் கூறும் ஒப்பந்தத்தை வரைபவர் வழங்குநரே. சிறு வணிகர் அதில் ஒரு சொல்லையேனும் மாற்ற வல்லவரல்லர். தொழில்நுட்பவியலாளரை அமர்த்த வசதியின்மையால் மேகத்தை நாடியவரே தொழில்நுட்பவியலாளரின் பணியையும் ஆற்றவேண்டியவராகிறார். இம்முரண்பாடே பிரச்சினையின் மையம் என நாம் கருதுகிறோம்.

அந்தரங்கம் பற்றிய வினாவும் இதனோடு பிணைந்ததே. 2018 இல் ஐக்கிய அமெரிக்கா இயற்றிய சட்டமொன்றின்படி, அந்நாட்டு நியாயாதிக்கத்துக்குட்பட்ட நிறுவனங்கள், சட்டபூர்வ ஆணை பிறக்குமிடத்து, வெளிநாட்டில் வைத்திருக்கும் தரவையும் ஒப்படைக்கக் கடமைப்பட்டவை. கடையில் கடன் வைத்தவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் அத்தரவில் அடங்கும். அவரோ எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடாதவர். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தரவு எந்நோக்கத்துக்குப் பயன்படும் எனத் தீர்மானிப்பவர் மீதே முதன்மைக் கடமைகளைச் சுமத்துகிறது.

தரவின் ஒரு பிரதியை வேறோரிடத்தில் வைத்திருத்தலும், உள்நுழைவுக்கு ஈரடுக்குச் சரிபார்ப்பை ஏற்படுத்தலும் ஒவ்வொரு வணிகரும் உடனடியாகச் செய்யக்கூடியவை. ஆயினும் ஒப்பந்த நிபந்தனைகளைத் தனியொருவர் மாற்றவியலாது. வணிகர் சங்கங்களும் கூட்டுறவு அமைப்புகளும் ஒன்றிணைந்து பேரம் பேசுதலும், பொதுவில் ஒரு தொழில்நுட்பவியலாளரை அமர்த்துதலும் அவசியம். கூட்டு முயற்சி இல்லாதவிடத்து, வசதிக்குக் கொடுக்கும் விலை கட்டணச்சீட்டில் குறிக்கப்பட்டதிலும் அதிகமாகவே இருக்கும்.