உங்களுக்குத் தெரியுமா? வைஃபையை விழுங்கும் சுவர்

புங்குடுதீவின் பழைய வீடுகளில் முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துத் தடிப்பாகக் கட்டிய சுவர்கள் உண்டு. வெயிலுக்குச் சுகம், வைஃபைக்கு வில்லங்கம். கைபேசிக் கோபுரத்துச் சமிக்ஞை எடுக்கட்டும் என்று விறாந்தை யன்னலில் 4ஜி ரவுட்டரை வைப்போம். உள்ளறை மடிக்கணினிக்கு வந்து சேர்வதற்குள் அலை களைத்துவிடும். கனடாவிலிருந்து பேசும் பேரப்பிள்ளையின் முகம் பாதிச் சிரிப்பில் உறைந்து நிற்கும்.

கணினியை ரவுட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். அங்கே வேகம் வந்தால் குற்றவாளி சுவர். அங்கேயும் ஊர்ந்தால், கோபுரத்து இணைப்பே மெலிவாக இருக்கலாம். (பின்னால் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறதா என்றும் ஒருக்கால் பாருங்கள்!)

வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, சுவரில் சீக்கிரம் தேயும். 2.4 மெதுவானாலும் கூடத் தூரம் போகும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசைதான். சோறு சூடாக்கும்போது இணைப்புத் தடுமாறினால் வியப்பில்லை.

சுவரே இல்லாவிட்டால்? தமிழ்நாட்டின் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் நடுப்பகுதியில் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, திசை அன்டெனாக்கள் பொருத்தி, கிராமத்து நோயாளிகளை வைஃபை வீடியோவிலேயே பரிசோதித்தது. சில இணைப்புகள் 10 கிலோமீட்டரையும் தாண்டின. புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு அதைவிடக் கிட்ட.