ஆறு வரும் நாள்

ஈப்போ நகரின் நடுவே ஓடும் கிந்தா ஆற்றில் ஆண்டு முழுவதும் நீர் உண்டு. ஆகவே, ‘ஆறு வருகிறது’ என்று மக்கள் கரையில் கூடுவது நமக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆனால், பேராக் மாநில இரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோர் பலரின் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களில் இஃது இன்றும் காணும் காட்சியாகும்.

கோடையில் காவிரியின் கீழ்ப்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும். ஜூன் மாதத்தில் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அம்மழைநீர் கர்நாடக அணைகளைக் கடந்து மேட்டூர் அணையை அடையும். 1934ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இவ்வணையில் 120 அடி வரை நீரைத் தேக்கலாம். பாசனத்திற்காக ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம். சில நாள்களில் நீர் கல்லணையை எட்டி, அங்கிருந்து கால்வாய்களில் பிரிந்து ஊர்தோறும் செல்லும். சருகும் நுரையும் சுமந்து, காய்ந்த மணலை நனைத்தவாறு வரும் முதல் நீரை உழவர்கள் மலரும் நெல்மணியும் தூவி வரவேற்பர்.

இந்த வரவேற்பிற்குக் காரணம் உண்டு. நீர் உரிய காலத்தில் வந்தால்தான் குறுவை நெல் சாகுபடி சிறக்கும். ஆனால், 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் போதிய நீரின்றி ஜூன் 12ஆம் நாள் அணை திறக்கப்படவில்லை. 2022இல் மே 24ஆம் நாளே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆடி 18ஆம் நாள் கொண்டாடப்படும் ஆடிப்பெருக்கோ நாள் மாறுவதில்லை. ஆற்றில் நீர் வராத ஆண்டுகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் கொண்டு மக்கள் அவ்விழாவை நடத்தியதும் உண்டு.

ஆற்றுக்காகக் காத்திருப்போர் குளிர்நாடுகளிலும் உள்ளனர். அலாஸ்காவில் உள்ள நெனானா எனும் சிற்றூரில், குளிர்காலத்தில் தனானா ஆறு உறைந்துவிடும். மக்கள் அப்பனியின்மீது மரச்சட்டம் ஒன்றை நிறுத்தி, கரையிலுள்ள கடிகாரத்தோடு கம்பியால் இணைப்பர். பனி உடைந்து சட்டம் நகரும்போது கடிகாரம் நின்றுவிடும். அந்நேரத்தைச் சரியாக ஊகிப்பவருக்குப் பரிசு உண்டு. 1917இல் தொடங்கிய இப்போட்டியின் பதிவுகள் இன்று பருவநிலை ஆய்வுக்கு உதவுகின்றன. 2019இல் ஏப்ரல் 14ஆம் நாளிலேயே பனி உடைந்தது. அதற்குமுன் அவ்வளவு விரைவாக உடைந்ததில்லை.

காவிரிக்கரையிலும் தனானாக் கரையிலும் மக்கள் கூடுவது வேடிக்கை பார்க்க மட்டுமன்று. ஆறு வரும் நாளைக் கவனித்துக் குறித்து வைப்பவர்களே மழையும் வெப்பமும் மாறுவதை முதலில் உணர்கின்றனர். நம் ஊர் ஆற்றையும் நாம் அவ்வாறு கவனித்து வருவது நன்று.