சாலையோர வீடும் கருவுற்ற தாயும்

தோட்டத்தில் வளர்ந்த நம் பெண்கள் பலர், மணமானபின் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெருஞ்சாலையை ஒட்டிய வீடுகளில் குடியேறுகின்றனர். அவர்கள் கருவுற்றால், உண்ணும் உணவை விசாரிக்கும் நாம் சுவாசிக்கும் காற்றை விசாரிப்பதில்லை.

ரப்பர் தகடுகளை உலர்த்திய புகைக்கூடத்தை மூத்தோர் அறிவர். அப்புகை கண்ணைக் கரித்தது; உடனே விலகிக்கொண்டோம். வாகனப் புகையின் நுண்துகளோ தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. அவற்றுள் மிக நுண்ணியவை நுரையீரலைக் கடந்து குருதியில் கலக்கின்றன. 2019இல் பெல்ஜிய ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகள்களைக் கண்டனர். இத்தகைய காற்றினால் குறைமாதப் பிரசவமும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுடன் குழந்தை பிறப்பதும் மிகக்கூடும்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில், வாகனங்கள் நிற்காமலே டோல் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. அதன்பின், சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாரிடையே குறைமாதப் பிரசவம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்ததென 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நமது கூட்டரசு நெடுஞ்சாலையிலும் பத்து தீகா, சுங்கை ராசாவ் சாவடிகளில் 2018 ஜனவரி முதல் நாளன்று கட்டணம் நீக்கப்பட்டது. ஆயினும் காலை மாலை நெரிசல் நின்றபாடில்லை.

வீட்டை மாற்றுவது எளிதன்று. ஆனால், சாலையிலிருந்து சில நூறு மீட்டர் விலகினாலே இம்மாசு பெரிதும் குறையும். ஆதலின் நடப்பதற்கு உட்தெருக்களையே தேர்ந்தெடுக்கலாம். சாலைக்கு அப்பாலுள்ள அறையில் உறங்கலாம். நெரிசல் வேளையில் சாலைப்பக்கச் சன்னலைச் சாத்தி வைக்கலாம். கணவர் வீட்டுக்குள் சிகரெட் பிடித்தால் சன்னலைச் சாத்தியும் பயனில்லை! மாதப் பரிசோதனைக்குச் செல்லும்போது, வீடு பெருஞ்சாலை ஓரத்தில் இருப்பதையும் தாதியிடம் தெரிவிக்க வேண்டும்.