பக்கத்து ஆலையிடம் கற்றல்

தர மேலாண்மைப் பணியில் இருப்பவர் பெரும்பாலும் தம் ஆலைக்குள் தனித்து நிற்பவர். அவர் ஒரு உற்பத்தித் தொகுதியை நிறுத்திவைத்தால் அன்றைய உற்பத்தி இலக்கு அடிபடும். போகட்டும் என்று விட்டால் வாடிக்கையாளரிடமிருந்து புகார் வரும். இந்த இக்கட்டைச் சொந்த ஆலையில் பலருக்கும் விளக்கிப் புரியவைக்க வேண்டியிருக்கும். பக்கத்து ஆலையில் அதே வேலையைப் பார்ப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது. ‘எங்களுக்கும் இப்படி ஆயிற்று, இப்படித்தான் சரிசெய்தோம்’ என்று அவரே பேச்சைத் தொடர்வார். தரத் துறையினர் சங்கம் கூடியதும், மாநாடு நடத்தியதும், ஒருவர் ஆலைக்கு மற்றவர் போய்ப் பார்த்ததும் இந்தத் தேவையால்தான்.

அறிவியல் முறைப்படியான தரக் கட்டுப்பாடு 1924ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் பெல் தொலைபேசி அமைப்பைச் சேர்ந்த வால்டர் ஷூஹார்ட், உற்பத்தியின் ஏற்ற இறக்கம் இயல்பானதா என்று காட்ட வரைந்த கட்டுப்பாட்டு வரைபடத்திலிருந்து தொடங்குகிறது. பல ஆண்டுகள் அது சிலர் மட்டும் அறிந்த நுட்பமாகவே கிடந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுத ஆலைகளுக்காகக் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகள் நடந்தன. வகுப்பு முடிந்த பிறகும் அங்கே பழகியவர்கள் தொடர்பை விடவில்லை. ஊருக்கு ஊர் சிறு சங்கங்கள் தோன்றின. அவை ஒன்றிணைந்து 1946இல் அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுச் சங்கம் ஆயிற்று. இன்று ஏஎஸ்க்யூ என்று அறியப்படுவது அதுதான்.

ஆனால் போர் முடிந்ததும் அந்த ஆலைகளில் பலவற்றில் வரைபடங்கள் சுவரிலிருந்து இறங்கிவிட்டன. பொறியாளர்கள் கற்றுக்கொண்டார்கள், மேலாளர்கள் அதைத் தங்கள் வேலையாகக் கருதவில்லை என்பது அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன காரணம். தரத் துறையினர் தங்களுக்குள் மட்டும் கூடிப் பேசினால் போதாது என்பதற்கு இது முதல் பாடம்.

அந்தப் பாடத்தை முழுமையாக எடுத்துக்கொண்ட நாடு ஜப்பான். ஜப்பான் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் சங்கமும் அதே 1946இல்தான் பிறந்தது. அதன் அழைப்பில் 1950 கோடையில் வந்த டெமிங், பொறியாளர்களுக்கு எட்டு நாள் வகுப்பு எடுத்ததோடு நிறுத்தாமல் நிறுவனத் தலைவர்களையும் தனியே சந்தித்துப் பேசினார். அவருடைய சொற்பொழிவுகள் அச்சாகி விற்றபோது தமக்கு வரவேண்டிய உரிமைத்தொகையை அவர் சங்கத்துக்கே கொடுத்துவிட, அதை வைத்து 1951இல் டெமிங் பரிசு நிறுவப்பட்டது. 1954இல் வந்த அமெரிக்கத் தர வல்லுநர் ஜோசப் ஜுரான், தரம் என்பது மேலாளரின் அன்றாடக் கடமை என்று மேலாளர்களுக்கே வகுப்பெடுத்தார்.

இதுவரை கற்றவர்கள் பொறியாளர்களும் மேலாளர்களும். இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியும் அவரை மேற்பார்க்கும் ஃபோர்மேனும் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களை உள்ளே கொண்டுவந்ததே தரத் துறை வரலாற்றில் மிகப் பெரிய காரியம். அதற்குக் கருவியாக இருந்தது ஒரு இதழ். 1962 ஏப்ரலில் ‘கெம்பா தோ க்யூசி’ என்ற பெயரில் அது வெளிவரத் தொடங்கியது. கெம்பா என்றால் வேலை நடக்கும் இடம்; க்யூசி என்றால் தரக் கட்டுப்பாடு. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் காவோரு இஷிகாவா அதன் ஆசிரியர் குழுவுக்குத் தலைமை ஏற்றார். ஃபோர்மேன் ஒருவர் தம் கைக்காசில் வாங்கும்படி விலை குறைவாக இருக்க வேண்டும், அவருக்குப் புரியும்படி எளிய ஜப்பானிய மொழியில் இருக்க வேண்டும் என்பவை அந்தக் குழு தொடக்கத்திலேயே எடுத்த முடிவுகள்.

இதழை வாங்கிப் படிக்காமல் மூலையில் போட்டுவிடும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. அதைத் தவிர்க்கவே, ஒரே பணியிடத்தில் வேலை பார்க்கும் சிலர் ஃபோர்மேனைச் சுற்றி அமர்ந்து சேர்ந்து படிக்கும் சிறு குழுக்களை இதழ் பரிந்துரைத்தது. படித்ததைத் தங்கள் வேலையிலேயே செய்து பார்க்க வேண்டும். இப்படி வாசிப்புக் குழுவாக முளைத்ததுதான் உலகம் முழுவதும் பரவிய தர வட்டம். 1962 மே மாதத்தில் முதலாவது வட்டம் பதிவாயிற்று; அது ஜப்பானின் பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனத்தின் மட்சுயாமா பிரிவைச் சேர்ந்தது.

பதிவு செய்த வட்டங்களின் பெயர்கள் இதழில் அச்சாயின. எந்த ஊரில், எந்த ஆலையில் தங்களைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பது தொழிலாளர்களுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டே, 1963 மே மாதம், செண்டாய் நகரில் முதல் தர வட்ட மாநாடு கூடியது. மேடையேறியவர்கள் பேராசிரியர்கள் அல்லர். எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு வேலை பார்ப்பவர்கள். பின்னர் வட்டங்கள் ஒன்றின் ஆலைக்கு மற்றொன்று சென்று பார்ப்பதும் வழக்கமாயிற்று. தர வட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் சுய வளர்ச்சியோடு ‘பரஸ்பர வளர்ச்சி’ என்பதையும் இஷிகாவா தனியாகச் சேர்த்திருந்தார். தன் ஆலையை மட்டுமே அறிந்தவர் கிணற்றுத் தவளையாகிவிடுவார் என்ற கவலை அதன் பின்னால் இருந்தது.

இந்தக் கூட்டங்கள் அரட்டையாகக் கரைந்துவிடாமல் காத்தது அங்கே பேசப்பட்ட முறை. எந்தக் குறையை எடுத்துக்கொண்டோம், ஏன் அதை எடுத்தோம், தொடக்கத்தில் நிலைமை என்ன, காரணம் எது, என்ன மாற்றினோம், மாற்றிய பின் எண்கள் என்ன சொல்கின்றன, குறை மறுபடி தலைதூக்காமலிருக்க என்ன ஏற்பாடு என்ற வரிசையில் ஒவ்வொரு குழுவும் தன் கதையைச் சொல்லும். பரேட்டோ வரைபடம், மீன்முள் வரைபடம், ஹிஸ்டோகிராம், சரிபார்ப்புத் தாள் போன்ற ஏழு எளிய கருவிகள் எல்லோருக்கும் பொது. அதனால் இரும்பு வார்ப்பவரின் கதையைத் துணி நெய்பவர் பின்தொடர முடிந்தது. ஒரு குழு தவறான காரணத்தைத் துரத்திக் காலத்தை வீணாக்கியதையும் மறைக்காமல் சொல்லும்போதுதான் கேட்பவருக்கு மெய்யான பயன். வெற்றியை மட்டும் காட்டும் உரையிலிருந்து எடுத்துச்செல்ல அதிகம் இருக்காது.

இந்தியாவுக்கு இந்தத் துறையோடு உள்ள உறவு பழையது. புள்ளியியலாளர் மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் அழைத்து, ஷூஹார்ட்டே 1947-48இல் இங்கே வந்து சில மாதங்கள் சுற்றினார். தர வட்டம் 1980இல் ஹைதராபாத் ராமச்சந்திராபுரத்திலுள்ள பாரத மிகுமின் நிறுவன (பிஎச்இஎல்) ஆலையில் தொடங்கியது. அதை முன்னின்று நடத்திய எஸ்.ஆர். உடுப்பா 1982இல் இந்தியத் தர வட்ட மன்றத்தைத் தோற்றுவித்தார். சென்னையும் கோவையும் உட்பட நாடெங்கும் அதற்குக் கிளைகள் உள்ளன. கிளை அளவில் தேறும் குழுக்கள் தேசிய மாநாட்டுக்குப் போகின்றன.

சென்னையின் கதை தனியாகச் சொல்லத் தக்கது. பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதைப் பெறுவது அதுவே முதல் முறை. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002இல் டிவிஎஸ் மோட்டார், 2003இல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்புப் பிரிவும் ரானே பிரேக் லைனிங்கும், 2004இல் லூகாஸ் டிவிஎஸ் எனப் பட்டியல் நீண்டது. எல்லாம் வாகனத் தொழிலைச் சேர்ந்தவை. பல ஒரே குழுமத்தின் உறவுகள். சில கூப்பிடு தூரத்தில் இருப்பவை. ஆறே ஆண்டுகளில் இத்தனை நிறுவனங்கள் தனித்தனியே புதிதாகக் கண்டுபிடித்துத் தேறியிருக்க முடியாது. ஒரு ஆலை பெற்ற பழக்கம் அதற்கு உதிரிபாகம் தருபவரிடமும் பக்கத்து ஆலையிடமும் போய்ச் சேர்ந்தது என்றே கொள்ள வேண்டும். சிறு நிறுவனங்கள் சிலவற்றை ஒரு கொத்தாகச் சேர்த்து, மாதந்தோறும் ஒருவர் ஆலையில் கூடி மற்றவர் முன்னேற்றத்தைப் பார்வையிடும் திட்டங்களும் இதே வழியில் நடக்கின்றன. ஒன்றுக்கொன்று போட்டியாக இல்லாத நிறுவனங்களைச் சேர்ப்பது அங்கே முக்கியம்; அப்போதுதான் கதவு முழுதாகத் திறக்கும்.

தனிநபருக்கான சான்றிதழ்கள் இன்னொரு பாதை. ஏஎஸ்க்யூ 1968 முதல் தரப் பொறியாளர் சான்றிதழ் வழங்குகிறது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். வகுப்பில் கற்றது மட்டுமல்ல, பிறருக்குக் கற்பித்ததும், கட்டுரை எழுதியதும், மாநாட்டில் பங்கேற்றதும் புதுப்பித்தலுக்குக் கணக்கில் வரும். சான்றிதழ் வேலை வாங்கித் தரும். வேலையில் கை தேர வேண்டுமானால், முடித்த ஒரு பணியைப் பிறர் முன் வைத்துக் கேள்விகளை எதிர்கொள்வதற்கு ஈடு வேறில்லை.

தமிழ்நாட்டு ஆலைகளில் இதற்கு ஒரு தடை உண்டு. நல்ல யோசனை சொன்ன தொழிலாளி அரங்கில் அமர்ந்திருக்க, ஆங்கிலம் தெரிந்த பொறியாளர் அவருக்காகப் பேசிவிடுவார். இயந்திரம் எப்போது எப்படிச் சத்தம் மாற்றியது என்பது அந்தத் தொழிலாளிக்குத்தான் தெரியும். கேள்வி வந்தால் பதிலும் அவரிடம்தான் இருக்கிறது. ஜப்பான் தன் ஃபோர்மேன்களுக்கு எளிய ஜப்பானிய மொழியில்தான் இதழ் நடத்தியது. இங்கும் நிர்வாகங்கள் அடுத்த கூட்டத்துக்குக் குழு அனுப்பும்போது அந்தத் தொழிலாளியையே மேடையேற்றித் தமிழில் பேசவிட வேண்டும்.