ஹேர்பீஸ் இரத்தப் பரிசோதனையும் அவசரத் தீர்ப்புகளும்

திருமணத்துக்கு முன்னர் மணமக்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது வரவேற்கத்தக்கதே. எனினும் அதில் ஹேர்பீஸ் பரிசோதனையும் சேர்க்கப்படுமாயின், அதன் முடிவை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதைத் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் முற்கூட்டியே அறிந்திருத்தல் அவசியமாகும். இரத்தினபுரியிலோ கேகாலையிலோ பணம் செலுத்திப் பெற்ற அறிக்கை இறக்குவானையிலோ தெரணியகலையிலோ உள்ள தோட்ட லயத்தை எட்டும்போது, அதை விளக்கிச் சொல்ல அங்கு வைத்தியர் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் அச்சிடப்பட்ட ஒற்றைச் சொல்லே தீர்ப்பாகிவிடக்கூடும். பழி விழுவது பெரும்பாலும் பெண்ணின் மீதுதான்.

இப்பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதற்கெதிராக உடல் உருவாக்கும் பிறபொருளெதிரியையே தேடுகின்றது. ஹேர்பீஸ் வைரஸ் இரு வகைப்படும். முதலாவது வகை பெரும்பாலும் சிறுபராயத்திலேயே உமிழ்நீர் மூலம் தொற்றி, பின்னர் உதட்டில் கொப்புளமாகத் தோன்றுவது. உலகில் 50 வயதுக்குட்பட்டோரில் 64 சதவீதமானோருக்கு இத்தொற்று இருந்ததாக 2020 ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு கூறுகின்றது. தாயின் முத்தத்தால் வந்திருக்கக்கூடியதை ஒழுக்கக்கேடு என்பது எத்தனை பெரிய அநீதி! பிரதானமாகப் பாலுறவால் பரவுவது இரண்டாவது வகையே. ஐஜிஎம் பரிசோதனை இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை.

வகை பிரித்துக் காட்டும் ஐஜிஜி பரிசோதனையும் தவறுக்கு அப்பாற்பட்டதல்ல. இரண்டாவது வகைக்கான பெறுமானம் 3.0 இலும் குறைவாயின் வேறொரு முறையில் உறுதிப்படுத்த வேண்டும் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டல். அறிகுறியற்றோரைப் பரிசோதித்தால் 'உண்டு' என்னும் முடிவுகளில் ஏறத்தாழப் பாதி தவறாகலாம் எனக் கணித்த அந்நாட்டின் நோய்த்தடுப்புச் சேவைகள் செயலணி, அத்தகைய பரிசோதனை வேண்டாம் என 2016 இலும் 2023 இலும் பரிந்துரைத்தது. நோய் அருகியுள்ள சமூகத்தில் இத்தவறின் விகிதம் மேலும் கூடும். முடிவு சரியாகவே இருந்தாலும், தொற்று எப்போது, எவரிடமிருந்து வந்தது என்பதை அது சொல்லாது. கணவரிடமிருந்து பெற்ற தொற்றுக்காக மனைவி குற்றவாளியாக்கப்படவும் இடமுண்டு. மறுபுறம், தொற்று ஏற்பட்டு 12 வாரங்களுக்குள் கிடைக்கும் 'இல்லை' என்ற முடிவையும் முழுமையாக நம்புவதற்கில்லை.

புண் இருப்பின் அதிலிருந்து பெறப்படும் மாதிரியே இரத்தத்தை விடச் சிறந்த சான்றாகும். அது ஆறுவதற்கு முன்னர் செல்ல வேண்டும். தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு வேலைத்திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் உள்ளன. அங்கு கட்டணம் அறவிடப்படுவதில்லை; இரகசியம் பேணப்படும். ஒருநாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏறி வரும் தோட்டத் தொழிலாளிக்கு முடிவைத் தமிழில் விளக்க ஒருவர் அங்கு இருப்பதை சப்ரகமுவ மாகாண சுகாதார அதிகாரிகள் உறுதிசெய்ய வேண்டும் என நாம் கோருகின்றோம்.