மாவு வண்டிக்கு ஒரு பிளக் பாயிண்ட்

நவி மும்பையின் நெருளிலிருந்து உல்வே பக்கம் போய், அடல் சேது கடல் பாலத்தில் ஏறி மும்பையின் சிவ்ரியில் இறங்கும் மின்சாரக் கார் 2025 ஆகஸ்டிலிருந்து சுங்கம் கட்டுவதில்லை. பெட்ரோல் கார் என்றால் ஒரு தடவைக்கு 250 ரூபாய். மகாராஷ்டிர அரசின் 2025 மின்வாகனக் கொள்கை தந்த சலுகை இது. மும்பை-புனே விரைவுச்சாலையும் சம்ருத்தி நெடுஞ்சாலையும் அதே பட்டியலில் இருக்கின்றன. எங்கள் சொசைட்டியில் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் மின்சாரக் காருக்கு மாறட்டும், நல்லதுதான். ஆனால் இந்த மூன்று சாலைகளிலும் இருசக்கர வண்டியை விடுவதே இல்லை. ஸ்கூட்டரில் பிழைப்பவருக்கு இந்தச் சலுகையால் ஒரு பைசா பயன் கிடையாது.

எங்கள் செக்டருக்கு இட்லி மாவு கொண்டுவரும் தம்பியை நினைத்துத்தான் சொல்கிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சீவுட்ஸ் வரை வீடு வீடாகப் போடுகிறார். நான் சொசைட்டி கணக்குப் பார்ப்பவள் என்பதால், மின்சார ஸ்கூட்டருக்கு ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன் தாளை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

“அக்கா, இதுல மானியம் அஞ்சாயிரம்னு போட்டிருக்கே, அது எப்ப பேங்க்ல விழும்?”

“பேங்க்ல விழாது தம்பி. இங்க பாருங்க, விலையிலயே கழிச்சிட்டாங்க.”

பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு. மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் வாங்குபவர் கைக்குப் பணம் வராது. ஷோரூமில் ஆதாரைச் சரிபார்த்து, மின் வவுச்சர் ஒன்று எடுத்து, அதில் கையெழுத்தும் வாங்குபவரின் படமும் சேர்த்துப் பதிவேற்றுவார்கள். அந்தத் தொகையை வண்டி நிறுவனம் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளும். ஆகவே தாளில் மானியம் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். மகாராஷ்டிரக் கொள்கையிலும் ஸ்கூட்டருக்கு விலையில் பத்து சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபாய் சலுகை உண்டு, அதையும் கேளுங்கள். மோட்டார் வாகன வரி இல்லை. பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு 2021-லேயே நீக்கிவிட்டது.

மின்சார ஸ்கூட்டருக்கான மத்திய அரசு மானியம் தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. 2021 ஜூனில் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் 15,000 ரூபாய், விலையில் 40 சதவீதம் வரை கொடுத்தார்கள். 2023 ஜூனில் அது 10,000 ஆனது, வரம்பு 15 சதவீதம். 2024 ஏப்ரலில் 5,000, எந்த வண்டியானாலும் 10,000-க்கு மேல் இல்லை. 2025 ஏப்ரலில் 2,500; உச்சவரம்பு 5,000. பேட்டரி விலை இறங்கும்போது மானியமும் இறங்குவது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2025 செப்டம்பரில் பெட்ரோல் ஸ்கூட்டருக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டிலிருந்து 5 சதவீதம்தான். இரண்டுக்கும் இடையே இருந்த இடைவெளி இரு பக்கமிருந்தும் சுருங்கிவிட்டது.

அப்படியும் தம்பிக்கு லாபம்தான். நாளுக்கு நாற்பது கிலோமீட்டர் ஓடுகிறார். பெட்ரோல் ஏறக்குறைய ஒரு லிட்டர், நூறு ரூபாய்க்கு மேல். மின்சாரமானால் ஒன்றரை யூனிட், இருபது ரூபாய்க்குள் முடியும். மாதம் இரண்டாயிரத்துக்கு மேல் மிச்சம். தாளில் மானியமாகக் கழித்த 5,000-ஐ அவர் இரண்டு மூன்று மாதத்தில் தானே சம்பாதித்துவிடுவார்.

பிறகு ஏன் வாங்கவில்லை? சார்ஜ் போட இடமில்லை. நெருள் காவ் என்ற கிராமப் பகுதியில் மூன்றாவது மாடியில் வாடகை அறை, வண்டி கீழே சந்தில் நிற்கிறது. அவர் பார்த்த மாடலில் பேட்டரி வண்டியோடு பொருத்தியது, கழற்றி மாடிக்குத் தூக்கிப் போக முடியாது. வீட்டு இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம், தனி உரிமம் வேண்டாம் என்று மின்துறை அமைச்சகம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் மீட்டரிலிருந்து வண்டி நிற்கும் இடம்வரை யார் ஒயர் இழுப்பது?

இ-டிரைவ் திட்டத்தில் 72,300 பொதுச் சார்ஜர்களுக்கென்று 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் 48,400 இரு, மூன்று சக்கர வண்டிகளுக்கானவை. வரவேற்கிறேன். ஆனால் விடியுமுன் மாவு ஏற்றிக் கிளம்புகிறவருக்கு, ராத்திரி வண்டி நிற்கிற இடத்திலேயே சார்ஜ் ஏற வேண்டும். புதுக் கட்டடங்களில் பார்க்கிங்கில் சார்ஜ் வசதிக்கு இடம் வைக்க 2019-இல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தினார்கள். நெருளில் எங்களைப்போல் நகர வளர்ச்சிக் கழகமான சிட்கோ கட்டிய பழைய கட்டடங்களில் இருப்பவர்கள்தான் அதிகம். அந்த 2,000 கோடியில் ஒரு பங்கைப் பழைய கட்டடங்களின் ஒயரிங்குக்கு ஒதுக்கியிருந்தால், சுங்கச் சலுகையைவிட எத்தனையோ மடங்கு பேருக்குப் பயன்பட்டிருக்கும்.

எங்கள் சொசைட்டி கமிட்டியில் பார்க்கிங்கில் சார்ஜ் பாயிண்ட் வைப்பதைப் பேசியபோது தீப்பிடித்தால் என்ன செய்வது, பில்லை யார் கட்டுவது, லோடு தாங்குமா என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து லோடைப் பார்த்தோம். ஸ்டில்ட் பார்க்கிங்கில் இரண்டு 15 ஆம்பியர் பாயிண்ட்; ஒவ்வொன்றுக்கும் தனி சப்-மீட்டர், கசிவு வந்தால் தானே துண்டிக்கும் பிரேக்கர். யூனிட் கணக்கில் பயன்படுத்துபவரே பணம் கட்ட வேண்டும். இப்போதைக்கு அது குடியிருப்பவர்களுக்கு மட்டும் என்று தீர்மானம். ராத்திரி பத்திலிருந்து காலை நாலரை வரை ஒரு பாயிண்ட்டைத் தம்பிக்கு வாடகைக்கு விடலாம் என்பது என் கட்சி. அடுத்த பொதுக்குழுவின் அஜெண்டாவில் அதைச் சேர்த்திருக்கிறேன்.