மேடைப் பாட்டு திரைக்கு வந்த கதை

திருவனந்தபுரத்துத் தமிழர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்களில் டி. கே. சண்முகம் என்பதும் ஒன்று. 1912-ஆம் ஆண்டு இந்நகரில் பிறந்தவர். ஆறு வயதில் தம் அண்ணன்மாரோடு தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் நாடக சபையில் சேர்ந்தார். பின்னாளில் டி. கே. எஸ். சகோதரர்கள் என்று தமிழகம் முழுவதும் அறியப்பட்ட நால்வரில் அவர் மூன்றாமவர். மூதாட்டி வேடமிட்டு அவர் நடித்த 'ஔவையார்' நாடகம் அவருக்கு 'ஔவை' என்ற அடைமொழியையே தேடித் தந்தது. சென்னையில் ஒரு சாலைக்கு அவ்வை சண்முகம் சாலை என்று பெயர். சிறுவனாக அவருடைய குழுவில் நடித்த கமல்ஹாசன் 1996-இல் தம் படத்திற்கு 'அவ்வை சண்முகி' என்று பெயரிட்டதும் அந்த நினைவில்தான்.

ஆனால் 1953-ஆம் ஆண்டு ஜெமினி வாசன் 'ஔவையார்' படத்தை வெளியிட்டபோது, திரையில் ஔவையாக வந்தவர் கே. பி. சுந்தராம்பாள். கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய அப்படம் பெரும் வெற்றி பெற்றது. அம்மையாரின் குரலும் கோட்டையைத் தகர்க்கும் யானைக் கூட்டமும் இன்றும் பேசப்படுகின்றன. படத்தை நாம் இன்றும் போட்டுப் பார்க்கலாம். மேடையில் பல ஊர்களில் பல்லாயிரம் பேர் பார்த்த சண்முகத்தின் ஔவையை அப்படிப் பார்க்க இயலாது.

பாட்டு நிறைந்த ஒரு நாடகம் படமாகும்போது எது வருகிறது, எது தங்கிவிடுகிறது? தமிழர்களாகிய நமக்கு இது பழைய கேள்வி. மேல்நாட்டாருக்கு 1970-களில் ராக் இசை நாடகங்களைப் படமாக்கத் தொடங்கியபோது இதே கேள்வி புதிதாக எழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

பாட்டோடு பிறந்த திரை

நமது பேசும் படம் மேடையின் மடியில் பிறந்த குழந்தை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' படத்தின் நாயகி டி. பி. ராஜலட்சுமி, மேடையில் பாடி நடித்துப் புகழ் பெற்றவர். 1934-இல் வெளியான 'பவளக்கொடி', மேடையில் வெற்றி பெற்ற நாடகத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்த முயற்சி. மேடையில் அர்ச்சுனனாக நடித்த எம். கே. தியாகராஜ பாகவதர்தான் படத்திலும் அர்ச்சுனன். அவருக்கும் இயக்குநர் கே. சுப்பிரமணியத்துக்கும் அதுவே முதல் படம். பாட்டுகள் ஐம்பது!

அந்தப் படத்திற்குப் பாட்டு அமைத்த பாபநாசம் சிவனும் நமக்கு அந்நியர் அல்லர். அவர் தம் இளமைக் காலத்தை இத்திருவனந்தபுரத்தில் கழித்தவர். இங்குள்ள சமஸ்கிருதக் கல்லூரியில் படித்தவர். கரமனை நீலகண்ட சிவனின் பஜனைகளில் மனம் கரைந்து பாட்டின் வழிக்கு வந்தவர்.

அக்காலப் படப்பிடிப்பு பகல் வெளிச்சத்தில் நடந்தது. நடிகர் பாடும்போதே குரலையும் பதிவு செய்ய வேண்டும். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணுக்குப் படாமல் ஒதுங்கி இருந்து வாசிப்பார்கள். இடையில் ஒரு காக்கை கரைந்தால் எல்லாம் வீண். 'பவளக்கொடி' எடுத்தபோது காக்கைகளை விரட்டுவதற்கென்றே துப்பாக்கியோடு ஓர் ஆளை அமர்த்தியிருந்ததாகத் திரைப்பட வரலாறு எழுதியவர்கள் சுவையாகச் சொல்வார்கள்.

கதாபாத்திரம் ஏன் திடீரென்று பாடுகிறது என்று எந்தத் தமிழ் ரசிகரும் கேட்கவில்லை. வள்ளியும் வேலனும் விடிய விடியப் பாட்டிலேயே தர்க்கம் செய்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் எப்படி வரும்?

ராக் நாடகம் என்றால் என்ன?

1960-களின் இறுதியில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மின்கிதாரும் டிரம்ஸும் முழங்கும் ராக் இசை இளைஞர்களின் மொழியாக இருந்தது. அதை நாடக மேடைக்குக் கொண்டுவந்தவற்றுள் முதன்மையானது 'ஹேர்'. 1968-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்தது. வியட்நாம் போருக்குப் போக மறுக்கும் நீண்ட தலைமுடி இளைஞர்களைப் பற்றியது. அடுத்து ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இசையமைத்து டிம் ரைஸ் பாட்டெழுதிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்'. இது 1970-இல் முதலில் இசைத்தட்டாக வந்து, 1971-இல் மேடை ஏறியது. வசனம் கிடையாது, எல்லாமே பாட்டு.

நம் இசை நாடகத்தோடு இவற்றுக்கு ஓர் ஒற்றுமை உண்டு. நம் மேடையில் ஆர்மோனியக்காரர் எல்லோரும் பார்க்க அமர்ந்திருப்பார். நடிகர் அவரைப் பார்த்துச் சுருதி கேட்பார், சில வேளை வம்புக்கும் இழுப்பார். 'ஹேர்', பின்னர் வந்த 'ரென்ட்' முதலிய ராக் நாடகங்களிலும் வாத்தியக் குழு மேடையிலேயே இருக்கும். பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது மறைக்கப்படுவதில்லை. பாடுகிறவர் நேரே சபையைப் பார்த்துப் பாடுவார். சபையும் கைதட்டியும் கூவியும் பதில் சொல்லும். இரு இடத்திலும் பாதி நாடகம் கேட்பவர்கள் கையில் இருக்கிறது.

காமிரா வந்தவுடன் கேட்பவர்கள் போய்விடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

மூவர் கண்ட மூன்று வழிகள்

நார்மன் ஜூவிசன் 1973-இல் 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' படத்தை இஸ்ரேல் நாட்டுப் பாலைவனத்தில் எடுத்தார். படத்தின் தொடக்கத்தில் ஒரு பழைய பேருந்து வந்து நிற்கிறது. இளைஞர்கள் இறங்கி, சாமான்களை இறக்கி, வேடம் கட்டிக்கொள்கிறார்கள். அதன் பிறகே கதை. முடிவில் எல்லோரும் பேருந்தில் ஏறித் திரும்புகிறார்கள். இயேசுவாக நடித்தவர் மட்டும் அவர்களில் இல்லை. இவர்கள் ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் குழு என்று முதலிலேயே காட்டிவிட்டதால், ஏன் பாடுகிறார்கள் என்ற கேள்வி அடங்கிவிடுகிறது. நம் கூத்தில் வேடம் கட்டுவதையே சபையோர் பார்ப்பதுண்டு அல்லவா, அதே உத்திதான்.

மிலோஸ் ஃபோர்மன் 1979-இல் 'ஹேர்' படத்தில் வேறு வழியை எடுத்தார். மேடையில் கதை மிக மெலிதாக இருந்தது. அவர் புதிதாக ஒரு கதையை அமைத்தார். பட்டாளத்தில் சேர வந்த கிராமத்து இளைஞன் கிளாடு, நகரத்து நாடோடிக் கூட்டத்தோடு பழகுகிறான். மேடையில் போரில் மாள்பவன் கிளாடு. படத்தில் அவன் இடத்தில் ஒருநாள் பொழுதுக்கு நின்ற நண்பன் பெர்கர் போர்முனைக்கு அனுப்பப்பட்டு மாள்கிறான். நாடகத்தை எழுதியவர்களுக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. ஆனாலும் தன் காலில் நிற்கும் படமாக அது இன்றும் பார்க்கப்படுகிறது.

மூன்றாவது வழி உள்ளதை உள்ளபடி எடுப்பது. ஜோனதன் லார்சன் எழுதிய 'ரென்ட்' 1996-இல் மேடை ஏறியது. முதல் காட்சிக்கு முன்னமே அவர் இளவயதில் இறந்துபோனார். 2005-இல் கிறிஸ் கொலம்பஸ் அதைப் படமாக்கியபோது மேடையில் நடித்த எண்மரில் அறுவரை அப்படியே நடிக்க வைத்தார். ஆனால் பாடிய உரையாடல்களில் பலவற்றைப் பேச்சாக மாற்றினார். நடிகர்களுக்கும் பத்து வயது கூடியிருந்தது. மேடையில் இருந்த வேகம் படத்தில் இல்லை என்று பலர் குறைப்பட்டார்கள். அதற்குப் பின் நடந்ததுதான் சிறப்பு. 2008 செப்டம்பரில் பிராட்வேயில் நாடகம் முடிவுக்கு வந்தபோது, கடைசி நிகழ்ச்சியைச் சபையோரின் ஆரவாரத்தோடு படம்பிடித்துத் திரையரங்குகளில் வெளியிட்டார்கள். 2016-இல் அப்படியே பதிவு செய்யப்பட்ட 'ஹாமில்டன்' என்ற ராப் இசை நாடகம், 2020-இல் கொரோனா காலத்தில் வெளியாகி, நியூயார்க் பக்கமே போகாதவர்களின் வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

இவற்றிலிருந்து ஒன்று விளங்குகிறது. கதையை மாற்றலாம், பாட்டைக் குறைக்கலாம். ஆனால் கேட்பவர்கள் இருந்த இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானிக்காமல் இசை நாடகத்தைப் படமாக்க முடியாது. ஒருவர் அங்கே நாடகக் குழுவை வைத்தார். ஒருவர் புதுக் கதையை வைத்தார். பின்னால் வந்தவர்கள் கேட்பவர்களையே வைத்தார்கள்.

விந்தையான ஓர் உதாரணமும் உண்டு. 'ராக்கி ஹாரர்' என்ற ராக் நாடகம் 1975-இல் படமாகி முதலில் சரியாக ஓடவில்லை. 1976 முதல் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போட்டபோது ரசிகர்கள் வேடமணிந்து வந்து, திரையைப் பார்த்துப் பதில் வசனம் பேசி, திரைக்கு முன் நடிக்கவும் தொடங்கினார்கள். படத்தில் விடுபட்டுப்போன சபையை ரசிகர்கள் தாங்களே கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள்!

நாம் இழந்ததும் பெற்றதும்

நம் பக்கம் என்ன ஆயிற்று? 1938-க்குப் பின் பின்னணி பாடும் முறை வந்தது. பாடுவது ஒருவர், வாயசைப்பது ஒருவர் என்று ஆனது. பாட்டின் எண்ணிக்கை ஐம்பதிலிருந்து பத்து, ஐந்து என்று குறைந்தது. பாடத் தெரிந்தவரே நடிகர் என்ற நிலை மாறி, நடிக்கத் தெரிந்தவர்களுக்கு இடம் கிடைத்தது, இது ஆதாயம். ஆனால் ஓர் அடியை நாலு விதமாகப் பாடி, 'ஒன்ஸ்மோர்' கேட்டு மறுபடி பாடி, அன்றைய சபைக்கு ஏற்ப நீட்டிக் குறைக்கும் கலை திரையில் குடியேறவில்லை.

சிலருக்கு அந்த வாய்ப்பே கிட்டவில்லை. அப்போது திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பா, 1933-இல் இருபத்தேழு வயதில் மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டுகளில் இருக்கிறது. அவர் மேடையில் நிற்கும் நிலையும் நடையும் எந்தப் படச்சுருளிலும் இல்லை. அவர் மறைந்த துயரில் ஒதுங்கியிருந்த சுந்தராம்பாளை 1935-இல் 'நந்தனார்' படத்திற்கு அழைத்து வர ஒரு லட்சம் ரூபாய் தந்தார்கள் என்பது அந்நாளில் ஊரெல்லாம் பேசிய செய்தி.

மலையாள மேடைக்கும் இந்த அனுபவம் உண்டு. தோப்பில் பாசி எழுதி 1952-இல் கே. பி. ஏ. சி. நடத்திய 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தின் பாட்டுகள் ஓ. என். வி. குறுப்பும் ஜி. தேவராஜனும் தந்தவை. மேடையில் கே. எஸ். ஜார்ஜும் சுலோசனாவும் நடித்துக்கொண்டே பாடியதை நினைவுகூரும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1970-இல் பாசியே அதைப் படமாக இயக்கினார். அதில் நடித்தவர்கள் வேறு, பாடியவர்கள் வேறு.

நாம் செய்யக்கூடியது

மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' இன்னும் நடக்கின்றன. ஒத்திகையின்றி, அன்று மாலை ஒன்றுகூடும் நடிகர்கள் விடியும்வரை பாடுகிறார்கள். கேரளத்தில் வாழும் நமக்கு அவை எட்டாத் தொலைவில் இல்லை. உறவினர் வீட்டுத் திருவிழாவுக்கு நாகர்கோவில் வழியே போய் வருகிறவர்கள் நம்மில் பலர். இப்போது எல்லோர் கையிலும் காமிரா உள்ள செல்பேசி இருக்கிறது.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரில் நாடகம் நடந்தால், நம் சங்க விழாக்களில் பிள்ளைகள் ஒரு காட்சி பாடி நடித்தால், பதிவு செய்யுங்கள். செய்யும்போது நடிகரின் முகத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஆர்மோனியக்காரரின் விரல்களையும், முன்வரிசையில் தலையாட்டும் பெரியவரையும், கைதட்டும் கூட்டத்தையும் சேர்த்து எடுங்கள். பாட்டை நடுவில் வெட்டாதீர்கள். பதிவில் ஊர், நாள், பாடியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். 'எனது நாடக வாழ்க்கை' என்று ஒரு பெரிய நூலை ஔவை சண்முகம் எழுதியதால்தான் அக்காலக் கொட்டகைகளைப் பற்றி நமக்கு இவ்வளவாவது தெரிகிறது. அவர்களுக்கு எழுத்து ஒன்றே துணையாக இருந்தது. நமக்கு எழுத்தோடு ஒலியும் ஒளியும் சேர்ந்து கிடைத்திருக்கின்றன. நம் வீட்டிலோ தெருவிலோ பழைய நாடகப் பாட்டு ஒன்றை முழுமையாகப் பாடத் தெரிந்த பாட்டியோ தாத்தாவோ இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமையே அவர்கள் எதிரே போய் உட்காருங்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் அவர்கள் பாடுவார்கள்.